புதிய லினக்சில் ‘அத்தியாவசிய’ மென்பொருள்கள்: பட்டியல்கள் மீது ஒரு விமர்சனம்

லினக்ஸை முதன்முதலாக நிறுவி முடித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்துச் செய்வது ஒன்றுதான். உலாவியைத் திறந்து ‘நிறுவிய பின் செய்ய வேண்டியவை’ என்று தேடுவார்கள். பத்து, இருபது, சில இடங்களில் நாற்பது மென்பொருள்கள் கொண்ட பட்டியல்கள் வந்து நிற்கும். ஏறக்குறைய எல்லாத் தலைப்பிலும் ‘அத்தியாவசியம்’ என்ற சொல் இருக்கும். இந்தப் பட்டியல்கள் எங்கே உதவுகின்றன, எங்கே தவறுகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. முடிவில் நானும் ஒரு சிறு பட்டியல் தருகிறேன். அதற்கு முன் காரணங்களைப் பேசிவிடுவோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி; இணையத்துக்குக் கைப்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி. உபுண்டுவை அவளே நிறுவினாள், நன்றாக ஓடியது. பிறகு ஒரு பட்டியலைப் பார்த்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டளையாக நகலெடுத்து முனையத்தில் ஒட்டினாள். மறுநாள் காலையில் கணினி கறுப்புத் திரையோடு நின்றது. செய்முறைப் பதிவேடு ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கேட்ட கேள்வி: “அண்ணா, லினக்ஸ்னாலே இப்படித்தானா?”

கோளாறு லினக்சில் இல்லை. பட்டியலின் ஏழாவது வரி, அவள் கணினியில் இல்லாத ஒரு வரைகலை அட்டைக்கான இயக்கியை வெளிக் களஞ்சியத்திலிருந்து நிறுவச் சொல்லியிருந்தது. மீட்பு நிலையில் கணினியைத் தொடங்கி, அந்தக் களஞ்சியத்தையும் அதிலிருந்து வந்த பொதிகளையும் நீக்கியதும் திரை திரும்பியது. கோப்புகள் எதுவும் போகவில்லை. ஆனால் இதே நிலையில் கேட்பதற்கு ஆள் இல்லாத மாணவர் என்ன செய்வார்? மறுபடியும் பழைய இயங்குதளத்துக்கே போய்விடுவார். ஒரு பட்டியல் தவறினால் நாம் இழப்பது ஒரு பயனரை.

பட்டியல் பிறந்த காரணம்

இந்தப் பட்டியல்கள் காரணமின்றிப் பிறக்கவில்லை. உபுண்டுவின் முதல் வெளியீடு 2004 அக்டோபரில் வந்தது. அந்த ஆண்டுகளில் புதிதாக நிறுவிய லினக்சில் எம்பி3 பாட்டு ஓடாது; டிவிடி ஓடாது; ஃபிளாஷ் இல்லாததால் இணையக் காணொளியும் ஓடாது. தொழில்நுட்பக் குறை அல்ல, காப்புரிமையும் உரிமமும்தான் தடை. எம்பி3 வடிவத்துக்குக் காப்புரிமை இருந்ததால் அதன் குறிவிலக்கியை இயல்பாகச் சேர்த்து வெளியிட வழங்கல்கள் தயங்கின. பயனர் தாமாக நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கென்றே உபுண்டுவில் ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ என்ற தொகுப்புப் பொதி வந்தது. பட்டியல்களின் முதல் வரி அதுவாகவே இருந்தது. அன்றைக்கு அது முற்றிலும் சரியான அறிவுரை. அது இல்லாமல் பலர் முதல் நாளிலேயே லினக்ஸை விட்டிருப்பார்கள்.

பிறகு நிலைமை மாறியது. எம்பி3 உரிமத் திட்டத்தை அதன் உரிமையாளர்கள் 2017இல் முடித்துக்கொண்டார்கள். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. உபுண்டுவின் நிறுவியே ‘கூடுதல் ஊடக வடிவங்களுக்கான ஆதரவை நிறுவவா?’ என்று கேட்கிறது. அங்கே ஒரு குறி இட்டால் போதும். வரைகலை, வைஃபை இயக்கிகளுக்கும் அப்படியே. டெபியன் திட்டம் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத நிலைபொருள்களையும் நிறுவும் வட்டில் சேர்க்க முடிவெடுத்தது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் வைஃபை அட்டைக்காக அலையும் வேலை பெரும்பாலும் குறைந்துவிட்டது.

பட்டியல்கள் மட்டும் மாறவில்லை. ஆண்டு மாறும்போது தலைப்பில் எண்ணை மாற்றுகிறார்கள். உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது. யூனிட்டி இடைமுகத்தைக் கைவிடுவதாக கனோனிக்கல் 2017இல் அறிவித்தது. அதற்குப் பிறகும் யூனிட்டியைச் சீரமைக்கும் கருவி பட்டியல்களில் நீடித்தது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: எழுதியவர் தன் பட்டியலைப் புதிய கணினியில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கவில்லை.

எழுத்துரு உரிமமும் டேப் விசையும்

ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் பொதியையே இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதை நிறுவும்போது மைக்ரோசாஃப்டின் இணைய எழுத்துருக்களும் சேர்ந்து வரும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் போன்றவை அதில் அடக்கம். அவற்றுக்கான உரிம ஒப்பந்தம் முனையத்தில் ஒரு பெட்டியாகத் தோன்றும். சுட்டியால் அழுத்தினால் எதுவும் நடக்காது. டேப் விசையை அழுத்தி ‘சரி’ என்பதற்கு நகர்ந்து என்டர் தட்ட வேண்டும். இது தெரியாமல் முனையத்தை அப்படியே மூடிவிட்டவர்கள் ஏராளம். மூடினால் நிறுவல் பாதியில் நிற்கும். பொதி மேலாளர் பூட்டப்பட்டிருக்கும். அடுத்த நிறுவலும் தடைப்படும். பட்டியல் எழுதும் ஒருவர் புதியவரை மனத்தில் வைத்திருந்தால் இந்த ஒரு வரியைக் கட்டாயம் எழுதியிருப்பார். நான் பார்த்த பட்டியல்களில் மிகச் சிலவே எழுதியுள்ளன.

அந்த எழுத்துருக்கள் தேவையா என்பது அடுத்த கேள்வி. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ மூன்றுக்கும் அதே அகல அளவில் அமைந்த லிபரேஷன் எழுத்துருக்களை ரெட் ஹேட் 2007இல் வெளியிட்டது. லிப்ரெஓபிஸ் உள்ள கணினிகளில் பொதுவாக அவையும் இருக்கும். கல்லூரியில் தரும் கோப்புகளில் அதிகம் வருவது கலிப்ரியும் கேம்ப்ரியாவும். அவற்றுக்கு இணையான அகலம் கொண்டவை கார்லிட்டோவும் கலடியாவும். ஆசிரியர் தந்த கோப்பில் பக்கங்கள் குலையாமல் திறக்க வேண்டுமானால் இவ்விரண்டு சிறு பொதிகள் உதவும். பட்டியல்கள் பழைய ஏரியலையே பிடித்துக்கொண்டு, இன்றைய கோப்பில் உண்மையில் இருக்கும் எழுத்துருவைக் கவனிப்பதில்லை.

‘வேகப்படுத்தும்’ மென்பொருள்கள்

பட்டியல்களில் அதிகத் தீங்கு செய்யும் பகுதி இது. விண்டோஸ் பழக்கத்திலிருந்து வருபவர்கள் கணினியைச் ‘சுத்தம் செய்யும்’ மென்பொருளைத் தேடுவது இயல்பு. அந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுவதுபோலப் பட்டியல்கள் சில பெயர்களை அடுக்குகின்றன.

பிரீலோட் என்பதை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி திறக்கும் நிரல்களைக் கவனித்து, அவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைக்கும். சுழலும் வன்தட்டு மெதுவாக இருந்த, 2000களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது அது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. 4 ஜிபி நினைவகத்தில் திணறும் கணினியிலோ, பயன்படுத்தாத நிரலுக்காக இடத்தை நிரப்புவது எதிர்விளைவையே தரலாம். அத்தகைய கணினிக்கு உண்மையில் உதவுவது இசட்ரேம். அது நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து, கூடுதல் இடம்போலப் பயன்படுத்தும். ஃபெடோரா 2020இல் வெளியிட்ட 33ஆம் பதிப்பு முதல் இதை இயல்பாகவே வைத்திருக்கிறது. டெபியன் வகைகளில் ‘இசட்ரேம் டூல்ஸ்’ என்ற சிறு பொதியை நிறுவிக்கொள்ளலாம். பழைய கணினி வைத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்க வேண்டிய இது, பெரும்பாலான பட்டியல்களில் இல்லவே இல்லை.

டிஎல்பி இன்னொரு எடுத்துக்காட்டு. மடிக்கணினியின் மின்கலம் நீடிக்க அது நல்ல மென்பொருள்தான். ஆனால் இப்போதைய க்னோம், கேடிஈ பணிமேடைகளில் ‘பவர் புரொஃபைல்ஸ்’ என்ற சேவை அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே அமைப்புகளை மாற்ற முயல்வதால் மோதிக்கொள்ளும். டிஎல்பியின் சொந்த ஆவணமே இதைச் சொல்கிறது. பட்டியல் சொல்வதில்லை.

பிளீச்பிட் போன்ற துப்புரவுக் கருவிகளை நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது மேலும் மோசம். எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுவிட்டு அழுத்தினால், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள்கூடப் போகலாம். வட்டில் இடம் வேண்டுமானால் ஆப்ட்டுக்கே உள்ள ‘ஆட்டோரிமூவ்’, ‘கிளீன்’ என்ற இரண்டு கட்டளைகள் பெரும்பாலும் போதும்.

எங்கிருந்து நிறுவுகிறோம்?

எந்த மென்பொருள் என்பதைவிட எங்கிருந்து என்பது பெரிய கேள்வி. லினக்சின் பெரிய பலம் வழங்கலின் அதிகாரப்பூர்வக் களஞ்சியம். அங்கே உள்ள பொதிகள் கையொப்பமிடப்பட்டவை. ஒன்றோடொன்று பொருந்துமா என்று பார்க்கப்பட்டவை. பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரே கட்டளையில் வந்து சேரும். ஆனால் பட்டியல்கள் ‘புதிய பதிப்பு வேண்டும்’ என்ற ஒரே காரணத்துக்காக வெளிக் களஞ்சியங்களைச் சேர்க்கச் சொல்கின்றன. பிபிஏ ஒன்றைச் சேர்ப்பது எளிது. ஆனால் அதை நடத்துபவருக்கு உங்கள் கணினியில் நிர்வாகி உரிமையோடு எதையும் நிறுவும் வாய்ப்பைத் தருகிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் பராமரிப்பை நிறுத்திவிட்டால், அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தும்போது சிக்கல் வரும். ‘பிபிஏ பர்ஜ்’ என்ற கருவி, சேர்த்த களஞ்சியத்தை நீக்கி, பொதிகளை அதிகாரப்பூர்வப் பதிப்புக்கே திருப்பும். பக்கத்து வீட்டுக் கணினியை மீட்டதும் அதுதான். பிபிஏ சேர்க்கச் சொல்லும் பட்டியல் இதையும் சொல்வதுதான் நேர்மை.

ஒரு நிகழ்வை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் லைனஸ் செபாஸ்டியன் என்ற காணொளியாளர், பாப் ஓஎஸ் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிச் சார்புகளில் அப்போது இருந்த பிழையால், பணிமேடையையே நீக்க நேரிடும் என்று முனையம் எச்சரித்தது. ‘ஆம், நான் சொல்வதுபோல் செய்’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரைத் தட்டச்சு செய்தால்தான் மேலே போக முடியும். அவர் தட்டச்சு செய்தார். பணிமேடை முழுவதும் போய்விட்டது. இதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ‘கட்டளையை ஒட்டு, கேள்வி கேட்டால் ஆம் என்று சொல்’ என்று பட்டியல்கள்தான் பயனர்களைப் பழக்கியிருக்கின்றன. முனையம் என்ன சொல்கிறது என்று படிக்கும் பழக்கத்தை எந்தப் பட்டியலும் கற்றுத் தரவில்லை.

‘புதிய பதிப்பு எப்போதும் நல்லது’ என்ற நம்பிக்கைக்கும் 2024 மார்ச்சில் ஓர் அடி விழுந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் புதிய பதிப்பில் யாரோ பின்கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாவதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளில் அந்தப் பதிப்பு நுழைந்திருந்தது. நிலையான வெளியீட்டில் நுழையவில்லை. பழைய பதிப்போடு இருந்தவர்கள் அந்த முறை தப்பித்தார்கள். எப்போதும் பழையதே நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. காரணமின்றிப் புதியதைத் துரத்த வேண்டாம் என்பதே பொருள்.

ஸ்னாப், ஃபிளாட்பேக் கடைகளும் விதிவிலக்கல்ல. 2018 மே மாதத்தில் ஸ்னாப் கடையில் இருந்த ஒரு சிறு விளையாட்டுக்குள் மெய்ந்நிகர் நாணயம் தோண்டும் நிரல் இருந்தது தெரியவந்து நீக்கப்பட்டது. கடையில் இருப்பதாலேயே ஒன்று நம்பத்தக்கது ஆகிவிடாது. வெளியிட்டவர் யார் என்று பார்த்து நிறுவ வேண்டும். தரவு குறைவாக உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: ஃபிளாட்பேக்கில் முதல் மென்பொருளை நிறுவும்போது அதற்கான அடிப்படைத் தொகுப்பும் சேர்ந்து இறங்கும். சிறு நிரல் ஒன்றுக்காகப் பல நூறு எம்பி செலவாகலாம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி வைத்திருக்கும் மாணவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது அக்கறையின்மை.

பைத்தான் படிப்பவர்களுக்கு

கணினி அறிவியல் மாணவர்களுக்கான பட்டியல்களில் ‘சுடோ பிப் இன்ஸ்டால்’ என்ற வரி இன்னும் இருக்கிறது. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இது வேலை செய்யாது. பைத்தான் சூழலை இயங்குதளமே நிர்வகிக்கிறது என்று சொல்லிப் பிழை காட்டும். உடனே சிலர் அந்தத் தடையை மீறும் ஒரு தெரிவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தத் தெரிவின் பெயருக்கே ‘கணினியின் பொதிகளை உடை’ என்பதுதான் பொருள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் அதை அறிவுரையாகத் தருகிறார்கள்.

சரியான வழி எளிது. ‘பைத்தான்3-வென்வ்’ என்ற பொதியை நிறுவுங்கள். டெபியன் வகைகளில் அது தனியாகவே வரும். ஒவ்வொரு செய்முறைக்கும் தனி மெய்ந்நிகர் சூழல் உருவாக்கி, அதற்குள் பிப் பயன்படுத்துங்கள். தவறு நேர்ந்தால் அந்தக் கோப்புறையை மட்டும் அழித்தால் போதும். சி நிரல் எழுதுவோருக்கு ‘பில்ட் எசென்ஷியல்’ என்ற ஒரே பொதியில் ஜிசிசியும் மேக்கும் வந்துவிடும். கிட் நிறுவிக்கொண்டால் பாடத்துக்குத் தேவையானது ஏறக்குறைய முடிந்தது. மூன்று வெவ்வேறு நிரல் திருத்திகள் முதல் நாளே தேவையில்லை.

தமிழ் எங்கே?

தமிழில் எழுதப்பட்ட பட்டியல்கள் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஆங்கிலப் பட்டியலை வரிக்கு வரி தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். தமிழில் படிக்கும் ஒருவர் தமிழில் எழுதவும் விரும்புவார் என்ற எண்ணமே அதில் இல்லை.

உபுண்டுவின் அமைப்புகளில் உள்ளீட்டு மூலம் சேர்க்கும் இடத்துக்குப் போனால் தமிழ்99 என்ற பெயரில் ஒரு தளக்கோலம் இருக்கும். அதைச் சேர்த்துத் தட்டச்சு செய்தவர்கள் ‘புள்ளி தானாக வரவில்லையே’ என்று குழம்புவார்கள். காரணம், அது வெறும் விசைப்பலகை வரைபடம். ஒரு விசைக்கு ஒரு குறி என்பதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியாது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வைப்பது போன்ற தமிழ்99இன் விதிகளுக்கு, முன்னால் வந்த எழுத்தை அறியும் உள்ளீட்டு முறை வேண்டும். அதற்கு ‘ஐபஸ் எம்17என்’ என்ற பொதியை நிறுவ வேண்டும். நிறுவியதும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் பட்டியலில் தெரியும். அதில் தமிழ்99, தட்டச்சுப் பொறி, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு என எல்லாம் உண்டு. எந்தக் கைப்பழக்கம் உள்ளவருக்கும் ஏதாவது ஒன்று பொருந்தும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை இது. லினக்சில் அது முழுமையாக வேலை செய்ய ஒரே ஒரு சிறு பொதி போதும் என்பதைத் தமிழ்ப் பட்டியல்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அடுத்தது லிப்ரெஓபிஸ். மேலத்தேய எழுத்துக்கும் சிக்கல் எழுத்து வகைக்கும் அது தனித்தனி எழுத்துருவை வைத்திருக்கிறது. மொழி அமைப்புகளில் சிக்கல் எழுத்து வகையை இயக்கி, அதில் தமிழைத் தேர்ந்தால் பாணிகளில் தமிழுக்கென எழுத்துருவும் அளவும் குறிக்கலாம். இதைச் செய்யாமல், தமிழ் மட்டும் ஏன் வேறு அளவில் வருகிறது என்று திகைப்பவர்கள் பலர். எழுத்துருக்களில் லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் இரண்டும் களஞ்சியத்திலேயே உள்ளன.

பழைய கோப்புகள் இன்னொரு சிக்கல். வானவில், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள கோப்புகள் தமிழகத்திலும் இலங்கையிலும் இன்னும் புழங்குகின்றன. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அதற்கு முந்தைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இவற்றை யூனிகோடுக்கு மாற்றும் செயற்கூறுகள் உள்ளன. அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்து உரையாக மாற்ற, டெசராக்ட் மென்பொருளும் அதன் தமிழ்த் தரவுப் பொதியும் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பை நிறுவினால் முனையமே தேவையில்லை. தமிழ் மாணவருக்கு இவை எந்தத் துப்புரவுக் கருவியையும்விடப் பயனுள்ளவை.

யாரும் முதலில் சொல்லாதது

பட்டியல்களில் காப்புநகல் கடைசியில் வரும், அல்லது வராது. ஆனால் வேறு எதை நிறுவுவதற்கும் முன்னால் நிறுவ வேண்டியது அதுதான். டைம்ஷிஃப்ட் மென்பொருள் இயங்குதளத்தின் அன்றைய நிலையைச் சேமித்து வைக்கும். புதிய மென்பொருளால் கோளாறு வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். லினக்ஸ் மின்ட் இதை இயல்பாகவே தருகிறது. நிறுவிய பின் முதலில் இதை அமைக்கும்படி வரவேற்புத் திரையிலேயே சொல்கிறது. அந்த ஒரு பரிந்துரைக்காகவே மின்ட்டைப் பாராட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். டைம்ஷிஃப்ட் சேமிக்கும் இடம் லினக்ஸ் கோப்பு முறைமை கொண்டதாக இருக்க வேண்டும். விண்டோசுக்காக வடிவமைத்த பென்டிரைவ் ஒத்துவராது. மற்றொன்று, அது இயல்பு நிலையில் உங்கள் சொந்தக் கோப்புகளைச் சேமிப்பதில்லை. பதிவேடு, படங்கள், செய்முறைகளுக்கு தேஜா டுப் போன்ற தனி மென்பொருள் வேண்டும். இல்லையென்றால் வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுங்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வருந்த நேரும்.

எது அத்தியாவசியம்?

டெபியன் உலகில் ‘எசென்ஷியல்’ என்பது அலங்காரச் சொல் அல்ல. பொதியின் விவரத்தில் இடப்படும் ஒரு குறி. பேஷ், டார், கிரெப், செட் போன்ற சில பொதிகளுக்கே அது உண்டு. அவை இல்லாவிட்டால் அமைப்பே குலையும். அந்தப் பொருளில், நிறுவிய பின் சேர்க்கும் எதுவுமே அத்தியாவசியம் அல்ல. அத்தியாவசியமானவை ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. நாம் சேர்ப்பவை எல்லாம் நம் வேலைக்குத் தேவையானவை. வேலை ஆளுக்கு ஆள் மாறும். பட்டியலும் மாற வேண்டும்.

எனவே ஒவ்வொரு மென்பொருளையும் நிறுவும் முன் நான்கு கேள்விகள் கேட்கலாம். இந்த வேலையைச் செய்வது ஏற்கெனவே கணினியில் இருக்கிறதா? அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் கிடைக்கிறதா? இந்த வாரம் எனக்கு உண்மையில் தேவைப்படுமா? வேண்டாமென்றால் எப்படி நீக்குவது என்று தெரியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சற்றுப் பொறுப்பது நல்லது.

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் தமிழ் மாணவர் ஒருவருக்கான முதல் நாள் பட்டியல் இவ்வளவுதான்:

1. முதலில் அமைப்பை முழுமையாகப் புதுப்பித்தல். இது மென்பொருள் அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது.

2. டைம்ஷிஃப்ட். முதல் நிலையை உடனே சேமித்துவிடுங்கள்.

3. ஐபஸ் எம்17என். தமிழில் எழுத.

4. லிப்ரெஓபிஸ். உபுண்டு 23.10 முதல் இயல்பான நிறுவலில் இது வருவதில்லை. விரிவான நிறுவலைத் தேர்ந்தால்தான் வரும். கூடவே கார்லிட்டோ, கலடியா எழுத்துருக்கள்.

5. விஎல்சி. பாரிசில் 1996இல் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. இன்றும் பெரும்பாலான ஊடகக் கோப்புகளுக்கு இது ஒன்றே போதும். முன்பு ஃபெடோரா பயனர்கள் மட்டும் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தையோ ஃபிளாட்ஹப் பதிப்பையோ நாட வேண்டியிருந்தது.

6. நினைவகம் 4 ஜிபி அல்லது அதற்குக் குறைவென்றால் இசட்ரேம்.

7. நிரல் எழுதுவோர் எனில் பில்ட் எசென்ஷியல், கிட், பைத்தான்3-வென்வ்.

யுஎஃப்டபிள்யூ என்ற தீயரண் உபுண்டுவில் ஏற்கெனவே உண்டு, இயக்கப்படாமல் இருக்கும். கல்லூரி, விடுதி வைஃபையில் இணைபவர்கள் ஒரே கட்டளையில் இயக்கிக்கொள்ளலாம். படம் திருத்த ஜிம்ப், கைப்பேசியோடு கோப்புப் பரிமாற கேடிஈ கனெக்ட் போன்றவை நல்ல மென்பொருள்கள்தான். தேவை வரும் நாளில் நிறுவினால் போதும். களஞ்சியம் எங்கும் ஓடிப்போகாது.

இந்தப் பட்டியலும் பழையதாகும். மூன்று ஆண்டுகள் கழித்து இதைப் படிப்பவர் ஒவ்வொரு வரியையும் மேலே சொன்ன நான்கு கேள்விகளால் சோதித்துப் பார்க்கட்டும். நிற்காத வரியைத் தாராளமாக அடித்துவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போதும் உபுண்டுதான் பயன்படுத்துகிறாள். பதிவேட்டையும் உரிய நாளில் கொடுத்துவிட்டாள். அண்மையில் தோழி ஒருத்திக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுத்தாளாம். “என்னென்ன போட்டுக் கொடுத்தே?” என்று கேட்டேன். “அவ என்ன வேலை செய்வானு முதல்ல கேட்டேன் அண்ணா” என்றாள்.